வீடு வாங்கப் போகிறீர்களா? தேடுவது வேறு, வாங்குவது வேறு

சென்ற ஆண்டு ஒரு தோழி இரவு பத்து மணிக்குப் போன் செய்தார். "வீடு பிடிச்சுப் போச்சு. நாளைக்குக் காலைல அட்வான்ஸ் குடுக்கச் சொல்றாங்க. குடுத்துடலாமா?" குரலில் அத்தனை சந்தோஷம். நான் மூன்று கேள்விகள் கேட்டேன். வீடு இப்போது யார் பெயரில் இருக்கிறது? அவருக்கு அது எப்படி வந்தது? அட்வான்ஸ் கொடுத்த பிறகு உனக்குக் கடன் கிடைக்காமல் போனால் அந்தப் பணம் திரும்பி வருமா? மூன்றுக்கும் அவரிடம் பதில் இல்லை. ஆனால் சமையலறையில் எத்தனை அலமாரி, மாலை வெயில் எந்த அறையில் விழும் என்பதெல்லாம் அத்துப்படியாகத் தெரிந்திருந்தது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான். வீடு தேடுவதில் ஆறு மாதம் அலைகிறோம். வாங்குகிற வேலையை ஆறே நாளில் முடித்துவிடுகிறோம். தேடும்போது பார்ப்பது சுவரும் ஜன்னலும். வாங்கும்போது கைக்கு வருவதோ ஓர் உரிமை, ஒரு கடன், ஓர் ஒப்பந்தம். இவை மூன்றையும் நேரில் போய்ச் சுற்றிப் பார்க்க முடியாது. அதனால்தான் இந்தக் கட்டுரையில் தேடுவதைப் பற்றிக் கொஞ்சமாகவும் வாங்குவதைப் பற்றி விரிவாகவும் எழுதுகிறேன். இடையிடையே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பேன்: உங்களுக்கு யோசனை சொல்கிறவருக்குப் பணம் கொடுப்பது யார்?

சொந்த வீடு என்றால் எது சொந்தம்?

"சொந்த வீடு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் பல வகை உண்டு. நிலமும் அதன் மேல் நிற்கிற கட்டடமும் காலக்கெடு இல்லாமல் உங்களுக்கே சேர்வது ஒரு வகை. தனி வீடுகள் பெரும்பாலும் இப்படி. அடுக்குமாடியில் பொதுவாக உங்கள் வீட்டுச் சுவர்களுக்குள் இருப்பது உங்களுடையது. அடியில் இருக்கிற நிலம், படிக்கட்டு, மொட்டைமாடி, லிஃப்ட் எல்லாம் பொது. அவற்றில் உங்களுக்கு ஒரு பங்கு. எவ்வளவு பங்கு என்பது பத்திரத்தில் எழுதியிருக்கும். கட்டடம் பழசாகி ஒருநாள் இடிக்கப்பட்டால் உங்கள் கையில் மிஞ்சப் போவது அந்தப் பங்குதான். அந்த வரியை மட்டுமாவது இரண்டு தடவை படியுங்கள்.

இன்னொரு வகை குத்தகை உரிமை. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் தொடங்கப்பட்டது. அது கட்டித் தரும் அடுக்குமாடி வீடுகள் பொதுவாக 99 ஆண்டுக் குத்தகையில்தான் விற்கப்படுகின்றன. வாங்கியவர் விதிகளுக்கு உட்பட்டுக் குடியிருக்கலாம், பிறகு விற்கலாம். ஆனால் ஆண்டுகள் கழிந்துகொண்டே இருக்கும். ஒரே தெரு, ஒரே அளவு என்றாலும் 10 ஆண்டு கழிந்த வீடும் 60 ஆண்டு கழிந்த வீடும் ஒன்றாகாது. குத்தகை வீட்டுக்குக் கடன் கேட்டுப் போனால் வங்கியும் மிச்சம் இருக்கிற ஆண்டுகளைத்தான் முதலில் எண்ணும்.

நியூயார்க்கின் கூட்டுறவு அடுக்குமாடிகள் இதிலிருந்தும் மாறுபட்டவை. அங்கே வீட்டை வாங்குவதே இல்லை. கட்டடத்துக்குச் சொந்தமான நிறுவனத்தில் பங்குகளை வாங்குகிறீர்கள். அந்தப் பங்குகளுக்கு உரிமையாக ஒரு வீட்டில் குடியிருக்கும் குத்தகை கிடைக்கிறது. விற்பவர் சம்மதித்தாலும் அந்தக் கட்டடத்தின் நிர்வாகக் குழு உங்களை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சுவீடனிலும் அடுக்குமாடி வீடுகளில் பெரும் பகுதி, ஒரு சங்கத்தில் உறுப்பினராகி அதன் வழியே குடியிருப்பு உரிமை பெறும் முறையில்தான் கைமாறுகிறது. அந்தச் சங்கத்துக்கே கடன் இருக்கலாம். மாதச் சந்தா வழியாக அதையும் சேர்த்துச் சுமப்பது நீங்கள்தான்.

ஆகவே விலையைக் கேட்பதற்கு முன்பு "இதில் நான் வாங்குவது என்ன?" என்று கேட்டுவிடுங்கள்.

தேடுவது

இதில் சொல்ல அதிகம் இல்லை, ஏனென்றால் இதை எல்லோரும் நன்றாகவே செய்கிறோம். இணையத்தில் பார்ப்பது, தரகரிடம் சொல்லி வைப்பது, தெரிந்தவர்களிடம் விசாரிப்பது, பிடித்த தெருவில் நடந்து "விற்பனைக்கு" பலகையைத் தேடுவது எல்லாமே நல்ல வழிகள்தான். என் அனுபவத்தில் கடைசி வழியை நாம் ரொம்பக் குறைவாகப் பயன்படுத்துகிறோம். ஒரு தெருவில் நான்கு நாள் நடந்தால், எந்த விளம்பரத்திலும் வராத இரண்டு வீடுகளாவது காதில் விழும்.

எத்தனை வீடு பார்த்தால் போதும் என்பதற்குக் கணிதத்தில் ஓர் அழகான விடை உண்டு. ஒவ்வொன்றாக வருகிற வாய்ப்புகளில் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும், கைவிட்டதைத் திரும்ப எடுக்க முடியாது என்றால், முதல் 37 விழுக்காட்டைப் பார்க்க மட்டும் செய்யுங்கள். அதன் பிறகு, அதுவரை பார்த்தவற்றில் மிகச் சிறந்ததைவிட நன்றாக இருக்கும் முதல் வாய்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறது அது. வீட்டுச் சந்தை இவ்வளவு கறாரானது அல்ல. விட்ட வீடு மறுபடி கிடைக்கலாம். ஆனாலும் அதிலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்: வாங்கும் எண்ணமே இல்லாமல் முதலில் ஏழெட்டு வீடுகளைப் பாருங்கள். எது நியாயமான விலை, எது நல்ல கட்டடம் என்பது அப்போதுதான் மனதில் படியும்.

சரி, தரகர். நல்ல தரகர் பெரிய உதவி; அதில் சந்தேகமில்லை. ஆனால் அவருக்குக் கூலி எப்போது கிடைக்கிறது? வியாபாரம் முடிந்தால். நல்லபடியாக முடிந்தாலும் சுமாராக முடிந்தாலும் ஏறக்குறைய ஒரே கூலிதான். இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்டீவன் லெவிட், சாட் சிவெர்சன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் சிகாகோ பகுதியில் விற்ற சுமார் 1,00,000 வீடுகளின் கணக்கை எடுத்து, தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது என்ன செய்கிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். ஆய்வு 2008-இல் வெளியானது. தரகர்களின் சொந்த வீடுகள் ஒன்பது பத்து நாள் கூடுதலாகச் சந்தையில் காத்திருந்து, சுமார் 3.7 விழுக்காடு அதிக விலைக்குப் போயிருந்தன. அடுத்தவர் வீடு என்றால் "வந்த விலைக்கு விட்டுடுங்க" என்கிறார்கள். தன் வீடு என்றால் பொறுத்திருக்கிறார்கள். விற்பவருக்கே இந்த நிலை என்றால், வாங்குகிற நம்மிடம் "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்று அவர் சொல்லும்போது எத்தனை அவசரப்பட வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

அமெரிக்காவில் நெடுங்காலமாக வாங்குபவரின் தரகருக்கும் விற்பவரின் கமிஷனிலிருந்தே பங்கு போய்க்கொண்டிருந்தது. அதன் மீது வழக்குகள் நடந்து, சமரசமாகி, 2024 ஆகஸ்ட் முதல் நடைமுறை மாறியது. வாங்குபவர் தன் தரகருடன் வீடு பார்க்கப் போவதற்கு முன்பே, அவருக்கு எவ்வளவு கூலி என்பதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். எந்த நாட்டில் வாங்கினாலும் இதை நீங்களாகவே செய்யலாம். முதல் சந்திப்பிலேயே நேராகக் கேளுங்கள்: "உங்களுக்கு யார் கொடுக்கிறார்கள், எவ்வளவு, இரண்டு பக்கமும் வாங்குகிறீர்களா?" இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்கிறவரோடு மேற்கொண்டு போக வேண்டாம்.

விலை முடிவாகும் விதங்கள்

விற்பவர் ஒரு விலை சொல்லி, நாம் ஒரு விலை சொல்லி, நடுவில் எங்கேயோ முடிவது நமக்குப் பழகிய வழி. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் சனிக்கிழமைகளில் வீட்டு வாசலிலேயே ஏலம் நடக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அந்த ஏலத்தில் எடுத்தால் பின்வாங்க முடியாது. அதே விக்டோரியா மாநிலத்தில் ஏலம் இல்லாமல் பேசி வாங்கினால் மனம் மாற மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. அதனால் ஏலத்துக்குப் போகிறவர் எல்லாச் சோதனையையும் முன்கூட்டியே முடித்துவிட்டுப் போக வேண்டும். எந்தத் தொகைக்கு மேல் போவதில்லை என்பதைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவதும் நல்லது.

ஸ்காட்லாந்தில் பல பேர் ஒரே வீட்டை விரும்பினால் ஒரு தேதி குறித்துவிடுவார்கள். ஒவ்வொருவரும் தன் விலையை மற்றவருக்குத் தெரியாமல் மூடிய உறையில் கொடுப்பதுபோல் கொடுப்பார்கள். அங்கே 2008 டிசம்பரிலிருந்து இன்னொரு நல்ல ஏற்பாடும் இருக்கிறது. வீட்டை விற்பனைக்கு வைப்பவரே கட்டடச் சோதனை அறிக்கையைத் தயார் செய்து, கேட்பவருக்குத் தர வேண்டும். பத்துப் பேர் பார்த்தால் பத்துப் பேரும் தனித்தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை. ஆனால் அந்தச் சோதனைக்கும் பணம் கொடுத்தது விற்பவர் என்பதை மறக்க வேண்டாம்.

அரசு கட்டும் வீடுகளில் குலுக்கல் முறை உண்டு. கடன் கட்டாதவரின் வீட்டை வங்கி ஏலம் விடுவதும் உண்டு. அது மலிவாகத் தெரியும், ஆனால் உள்ளே யார் குடியிருக்கிறார்கள், அவர்களை வெளியேற்றும் பொறுப்பு யாருடையது என்று கேட்காமல் போகாதீர்கள்.

இன்னும் கட்டி முடிக்காத வீட்டை வாங்குவது தனிக் கதை. அங்கே நீங்கள் வீட்டை வாங்கவில்லை, ஒரு வாக்குறுதியை வாங்குகிறீர்கள். நீங்கள் கொடுக்கும் பணம் உங்கள் கட்டடத்துக்கே போகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டம், வாங்குபவர்களிடம் வசூலித்ததில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்கிறது. ஒரு கட்டடத்துக்கு வாங்கிய பணத்தில் இன்னொரு கட்டடத்தை ஆரம்பித்து, கடைசியில் இரண்டும் பாதியில் நின்றுபோன அனுபவங்களுக்குப் பிறகு வந்த விதி அது. வேறு நாட்டில் இருந்தால், இதற்கு ஈடான பாதுகாப்பு அங்கே என்ன என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

சுவரைத் தொட்டுப் பாருங்கள்

தோழியோடு அந்த வீட்டைப் பார்க்க நானும் போனேன். உள் அறை ஒன்றில் நான்கு சுவர்களில் ஒன்று மட்டும் புது வெள்ளையாக இருந்தது. உள்ளங்கையை வைத்தேன், மற்றச் சுவர்களைவிடச் சில்லென்று இருந்தது. தரையை ஒட்டிக் குனிந்து பார்த்தால், பெயின்டுக்கு அடியிலிருந்து வெள்ளையாக உப்புப் பூத்து, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை. எங்கேயோ குழாய் கசிந்துகொண்டிருந்தது. ஈரம் வெளியேறும்போது சுவரில் இருக்கும் உப்பையும் கூடவே கொண்டுவந்து மேலே விட்டுவிட்டுக் காய்ந்துபோகும். மேலே எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் அது வந்துகொண்டேதான் இருக்கும்.

இது பெரிய குற்றம் இல்லை. குழாயை மாற்றினால் தீரும். ஆனால் அது தெரிந்த பிறகு பேசும் விலையும் தெரியாமல் பேசும் விலையும் வேறு. வீட்டுக்கு எதிரி நெருப்பைவிடத் தண்ணீர்தான் என்று எனக்குத் தெரிந்த பொறியாளர் ஒருவர் சொல்வார். முடிந்தால் மழை பெய்கிற அன்றோ மறுநாளோ போய்ப் பாருங்கள். மேல் தளமானால் கூரையின் அடிப்பக்கத்தையும் ஜன்னலுக்குக் கீழே உள்ள பகுதியையும் கவனியுங்கள். இரண்டு குழாய்களை ஒரே நேரத்தில் திறந்துவிட்டுத் தண்ணீரின் வேகம் குறைகிறதா பாருங்கள்.

விரிசலைக் கண்டு உடனே பயப்படத் தேவையில்லை. பூச்சு காய்ந்து சுருங்குவதால் வரும் மயிரிழை விரிசல் எல்லா வீட்டிலும் இருக்கும். ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஓடுவதும், செங்கல் வரிசையில் படிக்கட்டு போல ஏறுவதும், ஒரு முனை மெல்லிசாகவும் மறு முனை அகலமாகவும் இருப்பதும் வேறு மாதிரி. அஸ்திவாரத்தின் ஒரு பகுதி மட்டும் இறங்கியிருக்கலாம். 5 மில்லிமீட்டரைத் தாண்டிய விரிசல் எதுவானாலும் கட்டுமானப் பொறியாளரைக் கூட்டிவந்து காட்டிவிடுங்கள். அவருக்கு நீங்களே பணம் கொடுங்கள். தரகர் "எனக்குத் தெரிஞ்ச இன்ஜினியர் இருக்கார்" என்றால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரைத் தேடுங்கள்.

அப்புறம், இரவு ஒன்பது மணிக்கு ஒரு தடவை அந்தத் தெருவுக்குப் போய்ச் சும்மா கால் மணி நேரம் நில்லுங்கள்.

பத்திரம்: சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும்

இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

ரோமானியர் காலத்திலிருந்து வருகிற சட்டக் கொள்கை ஒன்று உண்டு: தன்னிடம் இல்லாததை ஒருவர் அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. உங்களுக்கு விற்பவரிடம் முழு உரிமை இருந்தால்தான் உங்களுக்கு முழு உரிமை வரும். அவருக்கு விற்றவரிடம் இருந்திருந்தால்தான் அவருக்கு வந்திருக்கும். இப்படிப் பின்னோக்கிப் போனால் ஒரு சங்கிலி கிடைக்கும். அதில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும், அதற்குப் பிறகு வந்த எல்லோருடைய உரிமையும் ஆட்டம் காணும்.

உதாரணத்துக்கு, ஒரு தந்தை வீட்டை வாங்குகிறார். உயில் எழுதாமல் இறந்துபோகிறார். வாரிசுகள் மூன்று பிள்ளைகள் மட்டும். மூத்தவர் மட்டும் அந்த வீட்டில் குடியிருக்கிறார், வரி கட்டுகிறார், மின் இணைப்பும் அவர் பெயரில். இருபது ஆண்டு கழித்து அவர் உங்களுக்கு விற்க வருகிறார். பார்த்தால் எல்லாம் அவருடையதுதான். ஆனால் மற்ற இருவரும் கையெழுத்துப் போடாதவரை, மூன்றில் ஒரு பங்கை மட்டுமே அவரால் விற்க முடியும். வரி ரசீதும் மின் கட்டணமும் குடியிருப்பைக் காட்டலாம். உரிமையைத் தர முடியாது. அந்த இருவரில் ஒருவர் இறந்திருந்தால் அவருடைய பிள்ளைகளின் கையெழுத்து தேவைப்படும். பிள்ளை மைனர் என்றால் பல நாடுகளில் நீதிமன்ற அனுமதியும் வேண்டும். அதிகாரப் பத்திரம் (உரிமையாளர் சார்பில் விற்க அனுமதிக்கும் பவர் ஆஃப் அட்டர்னி) வைத்துக்கொண்டு விற்க வருகிறவரைப் பற்றியும் ஒரு சொல்: அதைக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் அந்த அதிகாரமும் பொதுவாக முடிந்துவிடும்.

பதிவு அலுவலகத்தில் பதிந்த பத்திரம் இருக்கிறதே, அது போதாதா? இதற்குப் பதில் நாட்டைப் பொறுத்தது. உலகில் பெரும்பாலும் இரண்டு முறைகள். ஒன்றில் பதிவு செய்யப்படுவது பத்திரம். இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்தார் என்ற ஆவணத்தை அரசு பாதுகாத்து வைத்துக்கொள்ளும். எழுதிக் கொடுத்தவருக்கு அந்த உரிமை இருந்ததா என்பதற்கு உறுதி சொல்லாது. சங்கிலியைப் பரிசோதிப்பது வாங்குபவர் வேலை. இந்தியாவின் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் இந்த வகை. மற்றொன்றில் பதிவு செய்யப்படுவது உரிமையே. ராபர்ட் டோரன்ஸ் என்பவர் தெற்கு ஆஸ்திரேலியாவில் சுங்க அதிகாரியாக இருந்தவர். அவர் முன்னின்று 1858-இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, அரசின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பின்னோக்கித் தோண்ட வேண்டியதில்லை. பதிவேட்டின் தவறால் ஒருவர் நஷ்டப்பட்டால் ஈடு கொடுக்கவும் ஏற்பாடு உண்டு. கப்பல்களுக்கு வைத்திருந்த பதிவேட்டைப் போல நிலத்துக்கும் ஒன்று வைத்தால் என்ன என்ற யோசனைதான் அது. பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. உங்கள் நாடு இந்த இரண்டில் எது என்பதைத் தெரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பத்திரம் மட்டும் பதிகிற ஊரில் ஒரு மனிதருக்கு என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1868-இல் முடிந்த ஒரு வழக்கு சாட்சி. வாட்சன் என்பவர் ஒரு சொத்தை வாங்கினார். பத்திர வேலை பார்த்த மியூர்ஹெட், அதன் மேல் பழைய கடனுக்கான ஒரு நீதிமன்றத் தீர்ப்பு இருப்பதைக் கண்டுபிடித்தார். ஆனால் ஒரு வழக்கறிஞர் "அது சொத்தைக் கட்டுப்படுத்தாது" என்று கருத்துச் சொல்லவே, அதை நம்பிப் பயமில்லை என்றுவிட்டார். கருத்து தவறு. கட்டுப்படுத்தத்தான் செய்தது, வாட்சன் இழந்தார். வழக்குப் போட்டார். நல்லெண்ணத்தோடு வழக்கறிஞரின் சொல்லைக் கேட்டு நடந்தவர் மீது பொறுப்பைச் சுமத்த முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாரும் ஏமாற்றவில்லை; எல்லோரும் அவரவர் வேலையைச் செய்தார்கள்; பணத்தை இழந்தது வாங்கியவர். இந்த ஓட்டையை அடைக்கத்தான் 1876-இல் ஃபிலடெல்ஃபியாவில் உரிமைக் காப்பீட்டுக்கென்றே, அதாவது உரிமையில் குறை தெரியவந்தால் நஷ்டத்தை ஈடுகட்டுவதற்கென்றே, ஒரு நிறுவனம் தோன்றியது. இன்று அமெரிக்காவில் வீட்டுக் கடன் வாங்கும்போது இந்தக் காப்பீடு வழக்கமாகக் கூடவே வருகிறது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். கடன் கொடுப்பவருக்கான காப்பீடு வேறு, உங்களுக்கானது வேறு. முதலாவதற்கும் நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள். ஆனால் அது காப்பது வங்கியின் பணத்தை மட்டுமே.

"பேங்க்ல லோன் குடுத்துட்டாங்க, அப்ப டாக்குமென்ட் சரியாத்தான் இருக்கும்" என்று நினைப்பவர்களிடமும் இதையே சொல்வேன். வங்கியின் வழக்கறிஞர் வங்கிக்காகப் பார்க்கிறார். உங்களுக்காகப் பார்க்க ஒருவர் வேண்டும். வீட்டு விலையோடு ஒப்பிட்டால் அவருக்குக் கொடுக்கும் கட்டணம் மிகச் சிறியது.

கடன்: கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள்

10,00,000 கடன். ஆண்டு வட்டி 8 விழுக்காடு. 20 ஆண்டு. மாதத் தவணை 8,364. எந்தப் பணமாக இருந்தாலும் கணக்கு இதுதான். முதல் மாதத் தவணையில் 6,667 வட்டிக்குப் போய்விடும். அசலில் கழிவது வெறும் 1,697. ஐந்தில் நான்கு பங்கு வட்டி. மொத்தம் 240 மாதம் கட்டி முடிக்கும்போது நீங்கள் கொடுத்திருப்பது ஏறக்குறைய 20,07,000. அதாவது வாங்கியதைப்போல இரண்டு மடங்கு.

பலருக்கு அதிர்ச்சி தரும் எண் இன்னொன்று. பத்து ஆண்டு, சரியாகப் பாதிக் காலம் கட்டிய பிறகு மீதி எவ்வளவு இருக்கும்? பாதி என்றுதான் தோன்றும். இருப்பது சுமார் 6,89,000. வங்கி ஏமாற்றுகிறது என்று இதற்குப் பொருள் இல்லை. வட்டி மீதி அசலுக்குத்தான் போடப்படுகிறது. ஆரம்பத்தில் அசல் பெரிது, அதனால் வட்டியும் பெரிது. இதைப் புரிந்துகொண்டால் ஒரு வழியும் தெரியும். முதல் ஆண்டு முடிவில் கூடுதலாக 1,00,000 கட்டி, தவணையை மாற்றாமல் விட்டால், கடன் சுமார் 46 மாதம் முன்பாகவே முடிந்துவிடும். ஏறக்குறைய 2,89,000 வட்டி மிச்சம். அதே தொகையைப் பதினைந்தாம் ஆண்டில் கட்டினால் இந்தப் பலன் கிடைக்காது. ஆகவே கடன் எடுக்கும்போதே கேளுங்கள்: முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா? கட்டினால் தவணை குறையுமா, காலம் குறையுமா, தேர்வு யாருடையது?

வட்டி நிலையானதா மாறக்கூடியதா என்பதும் பெரிய விஷயம். அமெரிக்காவில் 30 ஆண்டும் ஒரே வட்டி என்ற கடன் சாதாரணம். பிரிட்டனிலும் கனடாவிலும் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை நிலையாக இருந்து, பிறகு அன்றைய நிலவரப்படி மாறுவது வழக்கம். மாறும் வட்டி என்றால் அது 2 விழுக்காடு ஏறினால் என்ன ஆகும் என்று இன்றே போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன கடனில் 8 என்பது ஆரம்பத்திலேயே 10 ஆனால் தவணை 9,650-ஐத் தொடும். அதையும் சமாளிக்க முடியும் என்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

வங்கி "உங்களுக்கு இவ்வளவு வரை தருவோம்" என்று சொல்வது, நீங்கள் அவ்வளவு வாங்கலாம் என்ற யோசனை அல்ல. அது அவர்கள் கணக்கு. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், வழக்கறிஞர், காப்பீடு, மாதப் பராமரிப்பு, குடிபோகும் செலவு எல்லாம் போக உங்கள் கையில் ஆறு மாதச் செலவுக்கு மிஞ்ச வேண்டும். இது உங்கள் கணக்கு.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தைய இரவு

தோழி கேட்ட இடத்துக்கு வந்துவிட்டோம். எந்த நிமிடத்தில் நீங்கள் கட்டுப்பட்டுவிடுகிறீர்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும். இங்கிலாந்தில் விற்பவர் "சரி" என்று சொன்னாலும், இரு பக்க ஒப்பந்தங்களும் கைமாறும் வரை யாரும் கட்டுப்பட்டவர் அல்ல. நடுவில் வேறொருவர் கூடுதல் விலை சொன்னால் வீடு அவருக்குப் போய்விடலாம். பிரான்சில் குடியிருப்பதற்கான வீட்டை வாங்குபவருக்கு முதல் ஒப்பந்தத்துக்குப் பிறகு பின்வாங்கப் பத்து நாள் உண்டு. ஜெர்மனியில் வீட்டு விற்பனை ஒப்பந்தம் நோட்டரி முன்னிலையில்தான் செல்லும். அவர் அந்த ஒப்பந்தம் முழுவதையும் இரு தரப்பினருக்கும் உரக்கப் படித்துக்காட்ட வேண்டும், அது சட்டம். அவர் யாருடைய ஆளும் அல்ல, நடுவர். இந்த ஒரு வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். இப்படிப் படித்துக்காட்டும் நோட்டரி இல்லாத ஊரில், கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய இரவு வீட்டில் உட்கார்ந்து, ஒப்பந்தத்தை வாய்விட்டுப் படியுங்கள். ஒருவர் படிக்க இன்னொருவர் கேட்கட்டும். கண் தாண்டிப் போகிற வரியை நாக்கு தாண்டாது.

அந்த ஒப்பந்தத்தில் மூன்று "இல்லாவிட்டால்" இருக்க வேண்டும். கடன் கிடைக்காவிட்டால், உரிமையில் குறை இல்லை என்று தெளிவாகாவிட்டால், கட்டடச் சோதனை திருப்தியாக இல்லாவிட்டால், அட்வான்ஸ் இத்தனை நாளுக்குள் திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது. பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கு எண் மின்னஞ்சலில் வந்தால், கடைசி நேரத்தில் "எண் மாறிவிட்டது" என்று இன்னொரு மின்னஞ்சலும் வரக்கூடும். வீடு வாங்குபவர்களைக் குறிவைத்து நடக்கும் மோசடி இது. பணம் அனுப்புவதற்கு முன்பு, உங்களுக்கு முன்பே தெரிந்த தொலைபேசி எண்ணில் கூப்பிட்டு, கணக்கு எண்ணை வாயால் சொல்லச் சொல்லிச் சரிபாருங்கள்.

தோழி மறுநாள் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. வழக்கறிஞர் ஒருவரிடம் ஆவணங்களைக் காட்டினார். வீடு விற்பவரின் அப்பாவிடமிருந்து வந்தது; வெளிநாட்டில் இருக்கும் தங்கையின் கையெழுத்து எங்கேயும் இல்லை. விற்பவர் கெட்டவர் அல்ல, "தங்கச்சி ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றே நினைத்திருந்தார். அந்தத் தங்கை ஊருக்கு வந்து, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க நான்கு மாதம் ஆனது. "இன்னொரு பார்ட்டி" யாரும் வரவில்லை. வீடு அங்கேயே இருந்தது. குளியலறைக் குழாயை மாற்றும் செலவையும் விலையில் கழித்துக்கொண்டார்கள்.

சாவி வாங்கிய அன்று தோழி மின் அளவியையும் தண்ணீர் அளவியையும் போட்டோ எடுத்தார். பராமரிப்புப் பாக்கி இல்லை என்று சங்கத்திடம் எழுதி வாங்கினார். மறுவாரம் வரி, மின் இணைப்பு, நிலப் பதிவேடு எல்லாவற்றிலும் பெயர் மாற்ற விண்ணப்பித்தார். விடுதலைப் பத்திரம், பொறியாளர் அறிக்கை, குழாய் மாற்றிய ரசீது வரை எல்லாத் தாளையும் ஒரே கோப்பில் போட்டு, மேலே தேதி எழுதி வைத்திருக்கிறார். என்றாவது அவர் விற்கும் நாளில் வாங்க வருகிறவர் மூன்று கேள்விகள் கேட்டால், பதில் அந்தக் கோப்பில் இருக்கும்.